சார்ஜ் ஏத்துற பேட்டரிக் கட்டை போட்ட டார்ச் 20 நிமிஷத்துல படுத்துடுது, கட்டை கோளாறா டார்ச் கோளாறா?

வரப்புவழி:
வணக்கம். நமக்கு ஊர் ஒரத்தநாடு பக்கம். ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் வர்ற நேரத்துக்கு மோட்டார் போட வயலுக்குப் போகணும். வழியில கட்டுவிரியன் நடமாட்டம் உண்டு, அதனால வெளிச்சம் இல்லாம கால் வைக்க முடியாது. கையில இருக்கிறது சின்ன எல்இடி டார்ச், டிரிபிள் ஏ கட்டை மூணு ஒரு உருளைக்குள்ள போட்டு உள்ளே தள்ளுற மாடல். மாசத்துக்கு ரெண்டு செட் கட்டை வாங்கி மாளலைன்னு, போன மாசம் சார்ஜ் ஏத்துற கட்டை நாலும் (800 எம்ஏஎச்னு போட்டிருக்கு, எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கிற அளவு) ஒரு சார்ஜரும் வாங்கினேன். ஒரு கட்டையைத் தம்பி மகன் எங்கேயோ தொலைச்சுட்டான், மிச்சம் மூணு.

பிரச்சினை இதுதான்: போட்டதும் நல்லாத்தான் எரியுது. 20, 25 நிமிஷம் போனதும் திடீர்னு மங்கி மின்மினிப்பூச்சி மாதிரி ஆகிடுது. சாதா கட்டை இப்படிப் பண்ணாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறையும். முந்தாநாள் நடு வரப்புல நின்னுட்டேன், செல்போன் வெளிச்சத்துல திரும்பி வந்தேன். கடையில கேட்டா 'சார்ஜ் கட்டைன்னா அப்படித்தான்'ங்கிறாங்க.

குளத்தங்கரை:
கட்டையில பாருங்க, 1.2 வோல்ட்னு இருக்கும். சாதா கட்டை 1.5. மூணு போட்டா 4.5 வர வேண்டிய இடத்துல 3.6தான் வருது. டார்ச்சுக்குப் பத்தலை. பேசாம பழைய கட்டைக்கே போயிடுங்க.

டார்ச்பித்து:
சகோ, அதே அளவுல லித்தியம் கட்டை கிடைக்குது, 3.7 வோல்ட். போட்டுப் பாருங்க, பகல் மாதிரி இருக்கும்.

பழையரேடியோ:
டார்ச்பித்து தம்பி, ஆளைக் கவுக்காதீங்க. அது சார்ஜ் நிறைஞ்சா 4.2 வரும். மூணு சேர்ந்தா 12.6. அந்த எல்இடி கேட்கிறதே சுமாரா 3 வோல்ட்தான். நான் ஒருமுறை ஒத்தைக் கட்டை டார்ச்சுல இந்த வேலை பார்த்தேன். வெளிச்சம் நீலமா மாறிச்சு, ஒரு நிமிஷத்துல பிளாஸ்டிக் கருகுற வாடை, அதோட டார்ச் போச்சு. தாங்கும்னு டார்ச் அட்டையிலயே அச்சடிச்சிருந்தா மட்டும் போடலாம். இன்னொண்ணு, அந்தக் கட்டையை இந்தச் சார்ஜர்ல வைக்கவே கூடாது, ஆபத்து.

குளத்தங்கரை சொன்ன 1.2 கணக்கு பாதி சரி. சாதா கட்டை 1.5ல ஆரம்பிச்சாலும் டார்ச்சை ஏத்தினதும் இறங்கிக்கிட்டே போகும். சார்ஜ் கட்டை 1.2 பக்கத்துலயே நின்னு, தீரும்போதுதான் சட்டுனு விழும். வோல்ட் பத்தலைன்னா முதல் நிமிஷத்துலேர்ந்தே மங்கலா இருக்கணும். இவருக்கு 20 நிமிஷம் நல்லா எரிஞ்சு விழுது. எனக்குச் சந்தேகம் வேற.

வரப்புவழி தம்பி, உங்க சார்ஜர்ல எத்தனை லைட்? மூணு கட்டையை எப்படி ஏத்துறீங்க?

வரப்புவழி:
அண்ணே, நாலு குழி, ரெண்டே லைட். ஒத்தையா ஒரு கட்டை வச்சா லைட்டே எரியாது, ஜோடியாத்தான் வைக்கணும். அதனால முதல்ல ரெண்டு ஏத்துவேன். மூணாவதை, ஏறி முடிஞ்ச ஒண்ணோட சேர்த்து வைப்பேன். அது முக்கால் மணியிலயே பச்சை காட்டிடும். முதல் ஜோடிக்கும் கணக்கே இல்ல. ஒருநாள் மூணு மணி நேரம், ஒருநாள் ஒரு மணி. ஆமா, பச்சை வர்ற நேரத்துல ஒரு கட்டை மட்டும் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், மற்றது சும்மா வெதுவெதுன்னு.

பழையரேடியோ:
சுடுற கட்டையிலயே பதில் இருக்கு. அது ஏற்கெனவே நிறைஞ்ச கட்டை. நிறைஞ்ச பிறகும் கரண்ட் தள்ளினா சூடாகும். ஜோடிக் குழியில ரெண்டு கட்டையும் வரிசையா கோர்த்திருக்கு, ஒரே கரண்ட்தான் ரெண்டு வழியாவும் போகுது. நிறைஞ்சது சூடானதும் சார்ஜர் 'முடிஞ்சது'ன்னு ஜோடியையே நிறுத்திடும். பக்கத்துல இருக்கிற பசிச்ச கட்டைக்கு அந்த முக்கால் மணி நேரச் சாப்பாடுதான்.

மணிக்கு 200 எம்ஏஎச் வீதம் ஏறுதுன்னு வச்சுக்குங்க, மூணாவதுல இருக்கிறது 150. டார்ச் 300 மில்லி ஆம்பியர் இழுத்தா அரை மணி நேரம். உங்க 20, 25 நிமிஷம் வந்துடுச்சா? அது காலியானதும் மிச்சம் ரெண்டு கட்டையோட 2.5 வோல்ட்தான் நிக்குது, எல்இடிக்குப் பத்தாது. அடுத்த நாள் கட்டையை மாத்தி மாத்திப் போடும்போது அரைகுறை மறுபடி வேற ஜோடிக்குப் போகும். அதான் நேரக் கணக்கு உதைக்குது.

மல்டிமீட்டர் இருந்தா, மங்கின உடனே கட்டைகளை வெளியே எடுத்துத் தனித்தனியா அளந்து போடுங்க.

வரப்புவழி:
மோட்டார் மெக்கானிக் மீட்டர் கொடுத்தார். 1.25, 1.24, 0.62. அண்ணே, நீங்க வெத்தலையில மை போட்டுப் பார்த்த மாதிரி சொல்லிட்டீங்க!

பழையரேடியோ:
மை எல்லாம் இல்ல தம்பி, நானும் இதே மாதிரி ஏமாந்தவன்தான். ஒவ்வொரு குழிக்கும் தனி லைட் இருக்கிற சார்ஜரா வாங்குங்க. கட்டைக்கு 1, 2, 3ன்னு மார்க்கர்ல நம்பர் போட்டு, மூணையும் சேர்த்தே ஏத்தி, சேர்த்தே இறக்குங்க. மங்கின பிறகு அணைக்காம விடாதீங்க. மற்ற ரெண்டும் காலிக் கட்டை வழியா கரண்டைத் தள்ளி அதைத் தலைகீழா சார்ஜ் பண்ணும், கட்டை கெட்டுடும்.

புதுசா கட்டை வாங்கினா அட்டையில இருக்கிற நம்பரைப் பார்த்து மயங்காதீங்க. டிரிபிள் ஏ அளவுக்குள்ள நிஜமா அடங்குறது 700லேர்ந்து 1,100 வரைதான். 3000னு போட்டிருந்தா அச்சுக்கூலிதான் அதிகம். எப்பவாவது எடுக்கிற டார்ச்சுன்னா, வச்ச இடத்துல சார்ஜ் இறங்காத ரகமா கேளுங்க; எனிலூப்ங்கிற பிராண்ட் மாதிரி. பழைய ரகம் முதல் மாசத்துலயே கணிசமா இறங்கிடும்.

கீழத்தெரு:
இடையில நுழையுறேன். என் டார்ச்சுல சாதா கட்டை மருந்து வடிஞ்சு ஸ்பிரிங் எல்லாம் வெள்ளையா பூத்திருக்கு. சார்ஜ் கட்டை போட்டாலும் மினுக் மினுக்னு எரியுது.

பழையரேடியோ:
அல்கலைன் கட்டைன்னா, காது குடையுற பஞ்சுல ரெண்டு சொட்டு வினிகர் தொட்டுத் துடைங்க, நுரைக்கும். அப்புறம் ஈரத் துணி, நல்லா காய விடுங்க. பளபளப்பு வரலைன்னா உப்புத்தாள். மருந்து கையில படாம பார்த்துக்குங்க.

வரப்புவழி:
பத்து நாள் ஆச்சு, சொல்லிடுறேன். தனித்தனி லைட் சார்ஜர் வாங்கினேன், எவ்வளவு ஏறுதுன்னு நம்பரும் காட்டுது. நேத்து ரெண்டு மணி நேரம் விடாம எரிஞ்சது, மடை திருப்பி முடிச்சு வீட்டுக்கு வர்ற வரைக்கும். ஆனா முழுசா தீர்த்து ஏத்தினப்ப ஒண்ணாம் நம்பர் 780, ரெண்டு 770, மூணு 560. மூணாம் நம்பர், மங்கின பிறகும் நான் அணைக்காம எரிச்சதுல அடிபட்டதா?

பழையரேடியோ:
அதேதான். இனி அந்த மூணாம் நம்பர்தான் உங்க நேரத்தை முடிவு பண்ணும். புது செட் மூணா வாங்குங்க, ஒண்ணு மட்டும் வாங்கிப் பழசோட கோர்க்காதீங்க. 780ம் 770ம் டிவி ரிமோட்டுக்குப் போகட்டும்.

வரப்புவழி:
ரிமோட் தம்பி மகன் கையில இருக்கு அண்ணே. அந்த ரெண்டும் தொலையும், பரவாயில்ல.