ஒரே கோழி, நாலு ஏலம்: கென்யாவில் பள்ளிக்கூட வசூல் பார்த்த அனுபவம்

கென்யாவில் மக்குவேனி பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் சில வருஷம் கணக்கு எழுதினேன். செம்மண், மாமரம், தண்ணீருக்கு அலையும் ஊர்கள். அப்படி ஓர் ஊரிலிருந்து நாலு பேர் வந்து தகர ஷீட் விலை கேட்டார்கள், அங்கே அதற்கு மபாத்தி என்று பெயர். விலை சொல்லி முடிப்பதற்குள் ஒரு நன்கொடை அட்டையை நீட்டினார்கள். பெயர், தொகை, கையெழுத்து என்று கட்டம் போட்டு அச்சடித்தது. முதல் வரியில் பாஸ்டர் 500 ஷில்லிங். முதலாளி அதற்குக் குறைத்து எழுத முடியாது பாருங்கள், அதற்காகவே பாஸ்டரை முதலில் பிடித்திருக்கிறார்கள்!

விஷயம் இதுதான். அந்த ஊரில் அப்போது எட்டாவதோடு படிப்பு நின்றுவிடும், அடுத்த பள்ளி நடக்கிற தூரத்தில் இல்லை, விடுதிக்குக் கட்டப் பணமும் இல்லை. அதனால் ஊரிலேயே ஓர் உயர்நிலைப் பள்ளி கட்டக் கிளம்பியிருந்தார்கள். 2008-லிருந்து உயர்நிலைப் பள்ளிக்குப் பாடக் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொண்டது, சரி, ஆனால் வகுப்பறை? அது பெரும்பாலும் ஊர் தலையில்தான் விழுந்தது. இந்த மாதிரி ஊர் கூடி வசூலிப்பதற்கு ஹரம்பே என்று பெயர். எல்லாரும் சேர்ந்து இழுங்கள் என்று அர்த்தம், நாட்டுச் சின்னத்திலேயே எழுதியிருக்கும். நம்மூர் மொய் மாதிரி என்று சொன்னால் அங்கே சிரிப்பார்கள், ஏனென்றால் 1978 முதல் 2002 வரை அவர்களுக்கு மொய் என்றே ஒரு ஜனாதிபதி இருந்தார்.

கணக்குத் தெரிந்தவன் என்று என்னை வசூல் மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். இடம் சர்ச் மைதானம். அரசு அலுவலகத்தில் வைத்து வசூல் செய்ய அப்போது இருந்த 2003-ம் வருஷத்து அரசு ஊழியர் நெறிமுறைச் சட்டம் விடவில்லை. ரொக்கம் இல்லாதவர்கள் சோளம், காராமணி, முட்டை என்று கொண்டு வந்தார்கள், எல்லாம் ஏலம். ஒரு பாட்டி கோழி கொண்டு வந்திருந்தார், காலில் சிவப்புத் துணி கட்டி. 300-ல் ஆரம்பித்து 700-க்குப் போனது. எடுத்தவர் கோழியை வாங்கிக்கொள்ளாமல் மறுபடி ஏலம் விடு என்று கொடுத்துவிட்டார். இரண்டாவது ஆளும் அப்படியே. மூன்றாவதாக எடுத்தது நான். கையில் வாங்கினால் சூடாக இருக்கிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மொத்தக் கூட்டமும் இந்த முஹிந்தி (இந்தியன்) எடுத்துக்கொண்டு போகிறானா என்று பார்க்கிறது. கொடுத்துவிட்டேன். நாலாவதாக எடுத்தவர் கோழியைப் பாட்டியிடமே திருப்பித் தந்தார், அவரும் ஒன்றுமே நடக்காத மாதிரி கூடையில் போட்டு மூடிக்கொண்டு போனார்.

அன்றைக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர் 50 ஷீட் தருகிறேன் என்று மைக்கில் சொன்னார், கைதட்டல் ஓய ரொம்ப நேரம் ஆனது. லாரி வரவே இல்லை. கடைசியில் கூரை போட்டது பெண்கள் குழுக்கள்தான். அங்கே கூட்டு வேலைக்கு ம்வெத்யா என்று ஒரு பழைய வழக்கம் உண்டு, வாரம் 20, 50 என்று சேர்த்து எம்-பெசாவில், அதாவது செல்போன் வழியாகப் பணம் அனுப்பும் சேவையில், அனுப்புவார்கள், பத்து ஷீட்டுக்குத் தேறியதும் கடைக்கு வருவார்கள்.

பதில் 1: நான் தான்சானியாவில், சிங்கிடா பக்கம். இங்கே முறை வேறு. 2000-களின் நடுவில் வார்டுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி என்று அரசு இறங்கியபோது, ஊர் செங்கல் சுட்டுச் சுவரை எழுப்ப வேண்டும், கூரைக்கு அரசு உதவும் என்று ஏற்பாடு. கூரை இல்லாத அந்தச் சுவருக்கு போமா என்று பெயர். நான் பார்த்த ஒரு போமா இரண்டு மழைக்காலம் நனைந்து, ஜன்னல் வைக்க விட்ட ஓட்டை வழியாக ஆடு போய் வந்துகொண்டிருந்தது. 2016-ல் படிப்பு இலவசம் என்று வந்ததும் எங்கள் ஊரில் வசூலே படுத்துவிட்டது. ஜனாதிபதியே இலவசம் என்கிறார், நீ எதற்குக் கை நீட்டுகிறாய் என்று கேட்டால் தலைமையாசிரியர் என்ன பதில் சொல்வார், பாவம்.

பதில் 2: கோழிக் கதை நன்றாகத்தான் இருக்கிறது. நைரோபியில் இருப்பவர்களைக் கேளுங்கள், கல்யாணம், ஆஸ்பத்திரி, பள்ளி என்று மாதம் நாலு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவார்கள், வெளியேறினால் பெயர் கெடும். பணம் எங்கே போனது என்று ஒருத்தரும் கணக்குக் காட்டியதில்லை.

பதில் 2-க்கு: உண்மைதான், நான் பார்த்த அட்டைகளிலும் இரண்டு திரும்பி வரவே இல்லை. ஆனால் அந்தப் பெண்கள் என்னிடம் ரசீது வாங்காமல் ஒரு ஷீட் கூட நகர்த்தியதில்லை, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கழுதை வண்டியில் ஏற்றுவார்கள். அப்புறம் ஒன்று, காசு இருந்தபோது 30 கேஜ், இல்லாதபோது மெல்லிய 32 கேஜ் என்று வாங்கியதால் கூரை இரண்டு ரகம். மழை வந்தால் 32 கேஜ் பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு வாத்தியார் பேசுவது கேட்காது, நோட்டைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து நெருக்கிக்கொள்வார்கள்.