கேட்காமலே கிளி மேல கை வைக்கிறாங்க, எப்படித் தடுக்கிறது?

அலைக்கரை (கேள்வி):

சன் கனூர்ங்கிற வெளிநாட்டுக் கிளி ஒண்ணு வளர்க்கிறேன். வயசு 14 மாசம், எடை 112 கிராம், கைத்தீனியில வளர்ந்த குஞ்சு. வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் ஹார்னஸ் (உடம்புல மாட்டுற பட்டை) போட்டு, தோள்ல வச்சு பெசன்ட் நகர் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன். அலைச்சத்தம், கூட்டம், பலூன் எதுக்கும் அசராத பறவை. மனுஷங்க கைதான் பிரச்சினை. முன்னாடி வந்து "தொடலாமா"ன்னு கேட்டா பதில் சொல்லிடலாம். பின்னாடியிருந்து வந்து முதுகைத் தடவுறாங்க, வாலை இழுத்துப் பார்க்கிறாங்க. சின்னப் பசங்க ஓடி வந்து மொத்தமா கைக்குள்ள பிடிக்கப் பார்க்கிறாங்க. மிளகாய் பஜ்ஜி சாப்பிட்ட விரலை அப்படியே அலகுகிட்ட நீட்டுறாங்க.

"ஆசையா தடவுனா என்ன ஆயிடப் போகுது"ன்னு கேட்கிறவங்களுக்குச் சொல்ல நல்ல காரணம் வேணும். சண்டை போடாம கையைத் தடுக்கிற வழியும் வேணும். கடிச்சிட்டா பொறுப்பு யாருக்குன்னும் தெரிஞ்சா சொல்லுங்க. இப்பல்லாம் பின்னாடி யாராவது நடந்தாலே இறகை ஒடுக்கிக்கிட்டு என் கழுத்தோட ஒட்டிக்குது.

வேப்பங்கிளை:

கழுத்தோட ஒட்டிக்கொள்கிறது என்றீர்களே, முதலில் பார்க்க வேண்டியது அதுதான். கிளிக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றுமுற்றும் தெரியும், தலைக்கு நேர் பின்னால் மட்டும் கொஞ்சம் தெரியாது. வல்லூறு அடிப்பது மேலிருந்தும் பின்னாலிருந்தும்தான். அந்தத் திசையில் ஒரு கை இறங்கினால், தடவ வந்த கையா பிடிக்க வந்த காலா என்று அது யோசித்துக்கொண்டிருக்காது, பறக்கப் பார்க்கும். ஹார்னஸ் விடாது. நாலைந்து முறை இப்படி நடந்தால் "இந்தத் தோள் பாதுகாப்பில்லை" என்று மனசில் பதிந்துவிடும். அப்புறம் தொட்டவரை எட்டமுடியாத ஆத்திரத்தில் பக்கத்தில் இருக்கிற உங்கள் காதைக் கடிக்கும். நிறையப் பேர் "பறவை திடீர்னு முரடாயிடுச்சு" என்று சொல்வதற்குப் பின்னால் இந்தக் கதைதான் இருக்கிறது.

குழந்தைகள் கைக்குள் பிடிப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் இருக்கிறது. பறவைக்கு அப்படி ஒன்று இல்லை. மார்பெலும்பு முன்னே போய்ப் பின்னே வந்தால்தான் காற்றுப்பைகளுக்குள் காற்று போகும். மூக்கும் வாயும் திறந்தே இருந்தாலும், மார்பை இறுக்கிப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும். 112 கிராம் பறவைக்கு ஐந்து வயசுப் பிள்ளையின் பிடி போதும். கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு காரணத்தைச் சொல்லுங்கள், உடனே புரியும்.

முதுகு, இறக்கைக்கு அடிப்பக்கம், வால்மூலம் ஆகிய இடங்களைத் தடவினால் கிளிக்கு அது இணைசேரும் அழைப்பு. அன்பாகத் தடவுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். திரும்பத் திரும்ப நடந்தால் ஹார்மோன் தூண்டப்பட்டு கத்தல், கடி, இறகு பிடுங்கல் எல்லாம் வரும். பெண் பறவை ஆண் துணை இல்லாமலே முட்டையிட ஆரம்பித்து, சுண்ணாம்புச்சத்து வற்றி, முட்டை அடைத்துக்கொண்டு சாகவும் நேரும். தலையும் கழுத்தும்தான் தொடத் தகுந்த இடம், அதுவும் அது தலையைக் குனிந்து கொடுத்தால்.

அப்புறம் கையில் ஒட்டியிருப்பவை. கொசுவிரட்டிக் களிம்பு, சன்ஸ்கிரீன், தலைவலித் தைலம், புகைப்பவர் விரலில் படிந்த நிகோடின் எதுவானாலும் இறகில் ஒட்டும். பறவை அலகால் இறகை நீவும்போது உள்ளே போகும். பஜ்ஜி எண்ணெய் இறகில் பட்டால் இறகிழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, உடம்புச் சூட்டைக் காக்கிற தன்மை போய்விடும். காரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், பறவைக்கு மிளகாய் உறைக்காது. உப்பும் எண்ணெயும்தான் கேடு.

வீட்டில் வேறு கிளிகள் வைத்திருப்பவர் கையும், செல்லப்பிராணிச் சந்தைக்குப் போய் வந்த கையும் இன்னும் மோசம். பி.பி.எஃப்.டி. எனப்படும் அலகு இறகு நோயின் வைரஸ் இறகுத்தூளில் பரவும், துணியிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு வரும். அதற்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. எதிர்ப்பக்கமும் உண்டு. கிளமிடியா சிட்டசி என்ற கிருமி, காய்ந்த எச்சத்தின் தூசி வழியாகக் கிளியிடமிருந்து மனிதர் நுரையீரலுக்குப் போகும். "உங்க பிள்ளைக்கும் நல்லதில்ல" என்று சொன்னால் அம்மாக்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள். சொல்வது பொய்யும் இல்லை.

கூண்டுக்கு_வெளியே:

அலைக்கரை, தோள்ல வைக்கிறதை முதல்ல நிறுத்துங்க. கூட்டத்துல தோள்தான் மோசமான இடம். உங்க கண்ணுக்குத் தெரியாது, மத்தவங்க கைக்குச் சரியான உயரம்.

பறவையை இடதுகை ஆள்காட்டி விரல்ல, நெஞ்சுக்கு நேரா வச்சுக்கோங்க. கட்டைவிரலை அதோட கால்விரல்கள் மேல மெதுவா வைங்க. அழுத்தாதீங்க, வழுக்காம இருந்தா போதும். முழங்கை உடம்போட ஒட்டி இருக்கட்டும். வலதுகை எப்பவும் காலியா இருக்கணும். போனை எடுத்தீங்கன்னா அந்தக் கை போச்சு. யாராவது கையை நீட்டுனா பின்னாடி நகராதீங்க, அவங்களும் கூடவே நகருவாங்க. வலது தோளை முன்னாடி கொண்டுவந்து கால்வட்டம் திரும்புங்க. இப்ப நடுவுல இருக்கிறது உங்க தோள். அதோட வலது உள்ளங்கையை இடுப்பு உயரத்துல விரிச்சுக் காட்டுங்க. வாய் திறக்கிறதுக்கு முன்னாடியே பாதிப் பேர் நின்னுடுவாங்க.

நிக்கணும்னா முதுகுக்குப் பின்னாடி சுவரோ நிறுத்தின காரோ இருக்கிற இடமாப் பாருங்க. மூணு பேருக்கு மேல சுத்தி நின்னா பறவை பைக்குள்ள போகணும். கூட்டத்துக்குள்ள போறதுக்கு முன்னாடியே இதை முடிவு பண்ணி வச்சுக்கோங்க. பைன்னா உள்ள குச்சி வச்ச, முன்பக்கம் வலையடிச்ச முதுகுப்பை. முழுக்க பிளாஸ்டிக் ஜன்னல் வச்சது நம்ம ஊர் வெயிலுக்கு அடுப்பு மாதிரி. "உள்ள போ"ன்னா போய் உட்கார வீட்டுல பத்து நாள் பழக்குங்க, ஒவ்வொரு தடவையும் ரெண்டு சூரியகாந்தி விதை. வேற நேரத்துல சூரியகாந்தி கிடையாதுன்னு வச்சா சீக்கிரம் பழகிடும்.

ஹார்னஸோட கட்டுற கயிறை, அதாவது லீஷை, கூட்டத்துல 30, 40 செ.மீ.க்கு மேல விடாதீங்க. பதறிப் பறந்தா, நீளமான லீஷ்ல வேகம் எடுத்து முனையில டக்குனு நிக்கும், அந்த இழுப்பு அத்தனையும் மார்புல விழும். எலாஸ்டிக் சேர்ந்த லீஷ்னா கொஞ்சம் தாங்கும். கால்ல சங்கிலி வேண்டவே வேண்டாம், ஒரே பதற்றத்துல கால் எலும்பு முறியலாம். "இறக்கை வெட்டியிருக்கேன், ஹார்னஸ் எதுக்கு"ன்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. கடல்காத்து அடிச்சா வெட்டின இறக்கையும் ரோடு தாண்டித் தூக்கிட்டுப் போகும், விழுற இடத்துல காக்கா காத்திருக்கும்.

முடிஞ்சா நேரத்தை மாத்துங்க. காலைல 6 மணிக்கு வர்றவங்க நடக்க வர்றவங்க, வேடிக்கை பார்க்க நேரம் கிடையாது. வெயிலும் இருக்காது.

மல்லிப்பூ72:

கூண்டுக்கு_வெளியே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, நான் பேச்சை மட்டும் சொல்றேன். "பயப்படும்"னு சொல்லாதீங்க, "நான் தொட்டா பயப்படாது, எனக்குப் பறவைன்னா ரொம்பப் பிடிக்கும்"னு இன்னும் கிட்ட வருவாங்க. "ப்ளீஸ், தொடாதீங்களேன்"னு இழுத்தாலும் வேலைக்கு ஆகாது. ரெண்டே வார்த்தை: "தொடாதீங்கண்ணா, கடிக்கும்." குரலை உயர்த்த வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். சிரிச்சீங்கன்னா விளையாட்டுக்குச் சொல்றீங்கன்னு எடுத்துக்குவாங்க.

வேப்பங்கிளை:

பெரியவர்களுக்கு அது சரி, மல்லிப்பூ. ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பையன்களிடம் "கடிக்கும்" என்று சொன்னால் அது சவாலாகிவிடும், "எங்க, கடிக்கட்டும் பார்ப்போம்" என்று விரலை நீட்டுவார்கள். அந்த வயசுக்குத் தடை போடாமல் ஒரு வேலை கொடுக்க வேண்டும்: "கையைப் பின்னால கட்டிக்கிட்டுக் கண்ணை மட்டும் பாரு. கருமணி சுருங்கிச் சுருங்கி விரியுதா?" உற்றுப் பார்த்தால் தெரியும், கனூர் பரபரப்பானால் கருமணி ஊசிமுனையாகச் சுருங்கி உடனே விரியும். கூடவே இறகு உடம்போடு ஒட்டி, கழுத்து நீண்டு, வாய் லேசாகத் திறந்தால் அடுத்தது கடிதான். அதைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தால் பையன்கள் தாங்களே பின்வாங்குவார்கள், மற்றவர்களையும் தடுப்பார்கள்.

உண்மையிலேயே ஆசைப்படுகிற சின்னக் குழந்தைக்கு ஒரு சாண் நீளத் தினைக்கதிரைக் கொடுங்கள். அடிக்காம்பைக் குழந்தை பிடிக்கட்டும், நுனியைப் பறவை கொறிக்கட்டும். விரலுக்கும் அலகுக்கும் நடுவில் அந்த ஒரு சாண் இருக்கும். பறவை எட்டி வந்து கொறித்தால் சரி. தலையைத் திருப்பிக்கொண்டால் "இன்னைக்கு அதுக்கு மனசில்ல" என்று கதிரை வாங்கிவிடுங்கள். முறுக்கு, சுண்டல், சாக்லேட் யார் நீட்டினாலும் வேண்டாம். சாக்லேட் கிளிக்கு விஷம்.

பிரிவு_எண்:

மூணாவது கேள்விக்கு. விலங்கை வைத்திருப்பவர், அதனால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடிய அளவுக்கு அஜாக்கிரதையாக இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவு பாயும். பழைய ஐ.பி.சி. 289. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கனூர் கடி அந்த அளவுக்குப் போவது அரிது. மக்காவ் மாதிரிப் பெரிய கிளி என்றால் விஷயமே வேறு, விரல் எலும்பே முறியலாம். லீஷ் கையில் இருந்தது, வாயால் எச்சரித்தோம் என்பது நமக்குத் துணை, அதனால் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். வாலைப் பிடித்து இழுத்தவர் மேல் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம் 11ஆம் பிரிவில் புகார் கொடுக்கலாம், ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான்.

இன்னொன்று. சன் கனூர், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பறவையைப் பதிந்திருக்க வேண்டும். அந்தச் சான்று போனில் இருக்கட்டும். தகராறு முற்றினால் பேச்சு பறவையின் பக்கம் திரும்பும், அப்போது காகிதம் இல்லையென்றால் நியாயம் நம் பக்கம் இருந்தும் பயனில்லை. நம் ஊர்ப் பச்சைக்கிளியை இதைப் பார்த்துவிட்டு யாரும் வெளியே கொண்டுவர வேண்டாம், அதை வீட்டில் வைத்திருப்பதே 1972 வனஉயிரினச் சட்டப்படி குற்றம்.

கடிபட்டவருக்கு: ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவச் சொல்லுங்கள், தோல் கிழிந்திருந்தால் டாக்டரிடம் போய் டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேட்கட்டும். ரேபிஸ் பயம் வேண்டாம், அது பாலூட்டிகளின் நோய்.

அலைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. விரல் பிடியை இன்னைக்கே வீட்டுல ஆரம்பிச்சிட்டேன். இன்னும் ஒண்ணு: யாராவது தொட்டோ பிடிச்சோ முடிச்சிட்டாங்க, அந்த நேரத்துல உடனே என்ன செய்யணும்? அப்புறம் இப்ப வந்திருக்கிற பயம் போகுமா?

கூண்டுக்கு_வெளியே:

அங்க நின்னு வாக்குவாதம் பண்ணாதீங்க. இருபது அடி தள்ளி வந்து பைக்குள்ள விட்டு, மேல மெல்லிய பருத்தித் துணி போடுங்க. பத்து நிமிஷம் அமைதியா இருக்கட்டும். அப்புறம் வாலைப் பாருங்க. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுச்சுன்னா மூச்சுவிடக் கஷ்டப்படுதுன்னு அர்த்தம், நேரா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உங்க டாக்டர்கிட்டயோ போயிடுங்க. இறக்கையிலயோ வால்லயோ புதுசா முளைக்கிற குருத்திறகு முறிஞ்சா ரத்தம் நிக்காம கசியும். சோளமாவைக் கிள்ளி வச்சு ரெண்டு மூணு நிமிஷம் அழுத்துங்க, மூக்குகிட்ட படக்கூடாது. மாவு ஒரு சின்ன டப்பால பையிலேயே இருக்கட்டும். எண்ணெயோ களிம்போ பட்டிருந்தா வெதுவெதுப்பான தண்ணில நனைச்ச துணியால இறகு போற திசையிலயே துடைங்க. சானிடைசர் கூடாது. மறுநாள் காலைல தீனிக்கு முன்னாடி கிராம் தராசுல எடை பாருங்க, 100 கிராமுக்குக் கீழ இறங்கினா காத்திருக்காதீங்க.

பயம் போகும். மூணு வாரம் பீச்சுக்குப் போகாதீங்க. தெரிஞ்சவங்க ஒருத்தரை வீட்டுக்கு வரச் சொல்லுங்க. பறவைக்குப் பின்பக்கமா ரெண்டு மீட்டர் தள்ளி நடக்கட்டும், அதே நொடியில உங்க கையிலேருந்து ஒரு விதை. இறகு தளர்வா இருந்தா அடுத்த நாள் ஒரு அடி கிட்ட. ஒடுக்குனா பழைய தூரத்துக்கே திரும்புங்க. ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் போதும். தொடுற வரைக்கும் கொண்டுபோக வேண்டாம். பின்னாடி காலடிச் சத்தம் கேட்டதும் விதைக்காக உங்க முகத்தைத் திரும்பிப் பார்க்க ஆரம்பிச்சா, அந்த வாரம் காலைல 6 மணிக்குக் கூட்டிட்டுப் போங்க.