யூசர் ஆப்ஷன் கொடுத்தால் என்பிஎம் பர்மிஷன் டினைட், கொடுக்காவிட்டால் ஃபைலெல்லாம் ரூட் பெயரில்

கேள்வி
உபுண்டு, டாக்கர் (ப்ரோகிராமைத் தனிக் கன்டெய்னருக்குள் ஓட்டும் கருவி), அதிகாரபூர்வ நோட் ஜேஎஸ் இமேஜ். ப்ராஜெக்ட் ஃபோல்டரை பைண்ட் மவுன்ட் செய்து (கன்டெய்னருக்குள்ளும் தெரியும்படி இணைத்து) பில்ட் ஓட்டினால், அதன் வெளியீடு விழும் டிஸ்ட் ஃபோல்டர் ரூட்டுக்கு (முழு உரிமையுள்ள அட்மின் யூசருக்கு) சொந்தமாகிவிடுகிறது. என் யூஐடி (யூசர் எண்) 1001. அதை யூசர் ஆப்ஷனில் கொடுத்தால் பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டாலே ஓடவில்லை. யூஐடி 1000 உள்ள இன்னொரு மெஷினில் இதே கட்டளை ஓடுகிறது!

பதில் 1
கெர்னல் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கும். அந்த நோட் இமேஜுக்குள் 'நோட்' என்ற யூசர் 1000 என்ற எண்ணில் ஏற்கெனவே இருக்கிறார், அவருக்கு ஹோம் ஃபோல்டரும் உண்டு. 1001க்கு பாஸ்வேர்டு ஃபைலில் வரியே கிடையாது. அதனால் ஹோம் வெறும் ஸ்லாஷ் (ரூட் மட்டுமே எழுதக்கூடிய உச்சி ஃபோல்டர்) ஆகிறது. என்பிஎம் தன் கேஷை அங்கே உருவாக்கப் போய் அடி வாங்குகிறது. ஹோம் என்விரான்மென்ட் வேரியபிளை டெம்ப் ஃபோல்டருக்கு மாற்றிக் கொடுங்கள், போதும். பாஷ் திறந்தால் ப்ராம்ப்டில் 'ஐ ஹேவ் நோ நேம்' என்று வரும்; பயப்பட ஒன்றுமில்லை.

முன்பு ரூட்டாக ஓட்டியதில் மிஞ்சிய நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை ஒருமுறை சூடோ போட்டு அழித்துவிடுங்கள். இல்லையென்றால் அதே பிழை வேறு உருவில் வரும்.

பதில் 2
டாக்கர் கம்போஸில் (கன்டெய்னர் அமைப்புகளை ஃபைலில் எழுதி ஓட்டும் முறை) போடுவதானால் ஒரு பொறி: யூஐடி வேரியபிள் பாஷில் உண்டு, ஆனால் எக்ஸ்போர்ட் ஆகாது (மற்ற ப்ரோகிராமுக்குப் போய்ச் சேராது), ஜிஐடி (க்ரூப் எண்) பாஷில் இல்லவே இல்லை. கம்போஸ் வார்னிங் கொடுத்துவிட்டுக் காலியாக எடுத்துக்கொள்ளும். இரண்டு எண்ணையும் டாட் என்வ் ஃபைலில் எழுதிவிடுங்கள்.

மவுன்ட் செய்யும் ஃபோல்டரையும் முன்கூட்டியே நீங்களே உருவாக்குங்கள். மவுன்ட்டுக்கு மைனஸ் வி ஆப்ஷன் போட்டு, ஃபோல்டர் இல்லாவிட்டால் பின்னணியில் ஓடும் டாக்கர் டீமன் அதை ரூட்டாக உருவாக்கிவிடும்.

கேள்வி கேட்டவர்
ஹோமை மாற்றியதும் ஓடிவிட்டது, நன்றி. ரூட்லெஸ் பாட்மேனிலும் (டாக்கர் போன்ற கருவி, ரூட் உரிமை இல்லாமல் ஓடுவது) இதே ஆப்ஷன்தானா?

பதில் 3
இல்லை, அங்கே தலைகீழ். உள்ளே இருக்கும் ரூட்தான் வெளியே நீங்கள்; எதுவும் கொடுக்காமல் ஓட்டினாலே ஃபைல் உங்கள் பெயரில் வரும். உள்ளே 1000 ஆக ஓட்டினால், சப்யூஐடி (உங்களுக்கு ஒதுக்கிய கூடுதல் யூசர் எண்கள்) 100000இல் தொடங்கும் மெஷினில், வெளியே 100999 என்று விழும். உள்ளே ரூட்டல்லாத யூசர் கட்டாயம் என்றால் யூசர்என்எஸ் ஆப்ஷனில் 'கீப் ஐடி' கொடுங்கள். தப்பாக விழுந்த ஃபைலை 'பாட்மேன் அன்ஷேர்' வழியாக சௌன் செய்யலாம் (உரிமையாளரை மாற்றலாம்), சூடோ தேவையில்லை.

பதில் 4
யூசர் ஆப்ஷன் போட்டுவிட்டதால் பாதுகாப்பு என்று இருந்துவிடாதீர்கள். டாக்கர் க்ரூப்பில் இருப்பவர் ஹோஸ்டின் (கன்டெய்னர் ஓடும் மெஷினின்) ரூட் ஃபோல்டரையே மவுன்ட் செய்ய முடியும். அந்த க்ரூப்பில் சேர்ப்பதும் ரூட் பாஸ்வேர்டு கொடுப்பதும் ஒன்றுதான்.