மறு: ஹைப்ரிட் கல்டிவாருக்குத் தமிழ்ச் சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

க.:
அனைவருக்கும் வணக்கம். குளிர்நாட்டு நிழல்மரங்கள் பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எல்ம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். 'சப்போரோ ஆட்டம் கோல்டு' என்று ஒரு மரம். ஜப்பானின் சப்போரோ தாவரவியல் தோட்டத்தில் சைபீரிய எல்மும் ஜப்பானிய எல்மும் தானாகக் கலந்து கிடைத்த விதை, அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழக யூஜின் ஸ்மாலியின் கைக்குப் போய், 1970களில் வெளிவந்தது. டச்சு எல்ம் நோயைத் தாங்கும், வேகமாக வளரும், இலையுதிர் காலத்தில் பொன்மஞ்சள். நான் எழுதியது: "இது ஒரு வீரிய ஒட்டு ரகம். ஒட்டுக் கட்டாமல், குச்சி நட்டே வளர்க்கலாம்." மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் "ஒட்டா, ஒட்டில்லையா?" என்று எழுதி அனுப்பிவிட்டார். ஹைப்ரிட்டுக்கும் (இரண்டு இனம் கலந்து பிறந்தது), கல்டிவாருக்கும் (மனிதன் தெரிந்தெடுத்துப் பெயரிட்டு வளர்ப்பது) என்ன போடட்டும்?

மா.:
தம்பி, ஒட்டையே வையுங்கள். வீரிய ஒட்டு நெல், வீரிய ஒட்டுப் பருத்தி எல்லாம் விதைக்கடைப் பலகையிலேயே இருக்கிறது. கலப்பினம் என்றால் எங்கள் ஊரில் ஜெர்சி மாடுதான். கல்டிவாருக்கு ரகம். அது அரபுச் சொல் என்று இப்போதே ஒருவர் கிளம்புவார், பாருங்கள்.

இரா.:
கிளம்பிவிட்டேன். ரகம் வேண்டவே வேண்டாம், 'பயிர்வகை' இருக்கிறது. பயிர் என்பது பசுமையோடு தொடர்புடையது என்பது என் துணிபு. பயிர்தல் என்றால் சங்கப் பாட்டில் அழைத்தல், பறவை தன் துணையை அழைப்பது. முளை வெயிலை அழைப்பதாகக் கொண்டால் இரண்டும் ஒன்றாகின்றன. மரத்தைப் பயிர் என்னலாமா என்று கேட்பீர்கள். அகக்காழனவே மரம் என்றார் தொல்காப்பியர், உள்ளே வைரம் பாய்ந்ததுதான் மரம், கன்றுக்கு இன்னும் வைரம் பாயவில்லை, ஆகவே நாற்றங்காலில் இருக்கும்வரை அது பயிரே. எல்முக்கும் பெயர் தருகிறேன். நம் ஆயா மரம் அதே குடும்பம், ஆங்கிலத்தில் இந்திய எல்ம் என்றே சொல்கிறார்கள். 'சீமை ஆயா' எனலாம்.

ந.:
ஐயா, சீமை ஆயா என்றால் தொப்பி போட்ட வெள்ளைக்கார ஆயா ஒருத்திதான் கண்முன் வருகிறாள். எல்ம் எல்மாகவே இருக்கட்டும்.

பயிர்வகையில் எனக்குப் பெரிய சிக்கல் வேறு. தாவரவியலில் 'வகை' ஏற்கெனவே வெரைட்டிக்குப் போய்விட்டது, அது இயற்கையில் பிரிந்தது. இந்த மரத்தின் ஒரு பெற்றோரான ஜப்பானிய எல்மே உல்மஸ் டேவிடியானா என்ற எல்ம் இனத்தின் ஒரு வகைதான். அப்புறம் பிள்ளையும் பயிர்வகை என்றால் ஒரே பத்தியில் வகையும் வகையும் மோதும். இங்கே நடந்தது என்ன? ஒரு மரத்தை மனிதன் தெரிந்தெடுத்தான், அதிலிருந்து குச்சி வெட்டி வெட்டிப் பரப்பினான். அதன் விதையில் முளைத்த கன்றுக்கு அந்தப் பெயர் செல்லாது. இலங்கையில் தேர்வை நாங்கள் தெரிவு என்போம். 'தெரிவினம்' சரிவருமா?

இன்னொன்று, டச்சு எல்ம் நோயை 'ஒல்லாந்தர் நோய்' ஆக்கிவிடாதீர்கள். அது நெதர்லாந்தில் பிறந்த நோயல்ல. 1920களில் பீ ஷ்வார்ஸ், கிறிஸ்டின் பாய்ஸ்மன் என்ற பெண்கள் அங்கே ஆராய்ந்து பூஞ்சைதான் காரணம் என்று காட்டியதால் வந்த பெயர். பட்டைவண்டு அந்தப் பூஞ்சையைச் சுமந்துவர, மரம் தன் நீர்க்குழாய்களைத் தானே அடைத்துக்கொண்டு வாடும்.

மா.:
தெரிவினம் என்றால் தேர்தல் வாசனை அடிக்கிறதம்மா. இனமோ ஸ்பீஷீஸுக்குப் போயாச்சு. 1923இல் அமெரிக்கத் தாவரவியலாளர் பெய்லி இரண்டு ஆங்கிலச் சொற்களை 'கல்டிவார்' என்று ஒட்டவைத்தபோது அங்கேயும் பண்டிதர்கள் முகம் சுளித்திருப்பார்கள். நாம் ரகத்துக்கு இவ்வளவு அழுகிறோம். நீலத்தையும் தசேரியையும் கலந்த மல்லிகாவை மாம்பழ ரகம் என்றுதானே எல்லோரும் வாங்குகிறோம்?

க.:
ஆனால் ஒட்டு போகத்தான் வேண்டும், மா. ஐயா. மாங்கன்று வாங்குகிறவருக்கு ஒட்டு என்றால் வேர் ஒரு மரம், மேலே வேறு மரம். இந்த எல்முக்குச் சிறப்பே சொந்த வேரில் நிற்பது, ஒட்டுக்குக் கீழிருந்து வேறு மரம் துளிர்க்கும் வேலையே இல்லை. 'கலப்பு ரகம்' என்று போடுகிறேன், இனத்தை விட்டுவிட்டதால் ஜெர்சி மாடு வராது. ஆதரவு மூன்று, எதிர்ப்பு ஒன்று.

இரா.:
என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்க. 'ரகம்' இருக்கும் கையேட்டில் நன்றியுரையில் என் பெயர் வேண்டாம்.

மா.:
சரி, அதை விடுங்கள். வேகமாக வளர்கிற மரம், இளசிலேயே நடுத்தண்டு இரண்டாகப் பிரியும், ஒன்றை வெட்டாவிட்டால் பின்னால் காற்றில் பிளக்கும். அதை எழுதினீர்களா? எங்கள் பக்கம் 'கவை விடுவது' என்போம்.

இரா.:
கவை நல்ல சொல். கவடு என்றும் சொல்லலாம். விளக்கமாக நாளை எழுதுகிறேன்.