ஜன்னல் கழுவும் வேனில் ஹீட்டர் வைத்தால் உப்புக்கறை போய்விடுமா?

அடிவாரம்:
நேற்று இங்கே ‘மேல்மலை வேன்’ எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. “வேனில் டீசல் ஹீட்டர் இல்லாமல் ஜன்னல் கழுவ வருகிறவர்கள் வாடிக்கையாளரை ஏமாற்றுகிறார்கள். சூடான தண்ணீர் பட்டால் எந்தக் கறையும் கரைந்து ஓடிவிடும்” என்கிறார். சேலத்தில் 14 ஆண்டுகளாகக் கண்ணாடி கழுவுகிறேன். என்னிடம் ஹீட்டர் இல்லை. நான் யாரை ஏமாற்றினேன்? நம் ஊர்க் கண்ணாடியில் இருப்பது ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ந்து விட்டுப்போன உப்புக்கறை. சூட்டில் சர்க்கரை கரையும், சுண்ணாம்பு கரையாது. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருக்கிறதே, அதைக் கொண்டுவந்து சேர்த்ததே சூடுதான்.

மேல்மலை வேன்:
அண்ணா, உங்கள் 14 ஆண்டுகளுக்கு வணக்கம். அதில் ஒரு டிசம்பர் காலையிலாவது ஏற்காட்டில் போலை, அதாவது நுனியில் பிரஷ் வைத்த நீளக் கம்பைப் பிடித்து நின்றிருக்கிறீர்களா? ஆறரை மணிக்கு டேங்க் தண்ணீர் 14 டிகிரியில் இருக்கும். கையுறைக்குள் விரல் மரத்துவிடும். என் ஹீட்டர் 5 கிலோவாட். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட்டினால் 36 டிகிரி ஏறுகிறது, ஆகவே 50. மணிக்கு முக்கால் லிட்டர் டீசல்கூடச் செலவாவதில்லை. பறவை எச்சம், சிலந்தி எச்சம், சமையலறை ஜன்னலின் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் பாதித் தேய்ப்பிலேயே விட்டுவிடுகின்றன. பத்து விடுதிகளில் கழுவிக் காட்டியவன் சொல்கிறேன்.

அடிவாரம்:
50 டிகிரி எங்கே? ஹீட்டர் வாயிலா, பிரஷ் நுனியிலா? நடுவில் எத்தனை மீட்டர் ஹோஸ்?

மேல்மலை வேன்:
60 மீட்டர். பிரஷ்ஷில் 44 டிகிரி இருக்கும்.

அடிவாரம்:
‘இருக்கும்’ என்றால் அளக்கவில்லை என்று பொருள். பனியில் நனைந்த புல்மேல் 60 மீட்டர் ஹோஸ் கிடக்கிறது. அதற்குப் பிறகு 40 அடி போல், மேலே மலைக்காற்று. பிரஷ் நுனியில் எத்தனை டிகிரி?

சூரமங்கலத்தான்:
எத்தனை டிகிரியாக இருந்தால் என்ன? என் உணவகத்துக் கண்ணாடியில் தாளிப்புப் புகை அப்பியிருக்கிறது. பச்சைத் தண்ணீரில் தேய்த்தால் பிசுக்கு இடம் மாறுகிறதே தவிரப் போவதில்லை. வெந்நீர்க்காரர் வந்து கழுவிய பிறகுதான் வெளியே போகும் பஸ் தெரிந்தது. அவர் பக்கம்தான் நான்.

அடிவாரம்:
பிசுக்கைப் பற்றி யார் கேட்டார்கள்? ‘எந்தக் கறையும்’ என்று எழுதினாரே, அந்தச் சொல்லுக்குப் பதில் கேட்கிறேன். உப்புக்கறைக்கு எலுமிச்சை உப்புக் கரைசல் வேண்டும், ஊற வைக்கப் பொறுமை வேண்டும். கழுவிய கண்ணாடி துடைக்காமலே கறையின்றிக் காய்வதற்குக் காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, அதாவது டி.டி.எஸ்., பூஜ்யமாக இருப்பது. அது குளிர்ந்த நீரானாலும் அப்படித்தான் காயும்.

பாய்லர் வாத்தியார்:
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். இருவருமே ஹீட்டரை எந்த இடத்தில் பொருத்துவது என்று பேசவில்லை. தண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வு பொதுவாக 45 டிகிரிக்கு மேல் தாங்காது. உப்பு நீக்கும் ரெசினும் 60 டிகிரியைத் தாண்டினால் கெட்டுவிடும். ஆகவே முதலில் வடிகட்ட வேண்டும், பிறகுதான் சூடாக்க வேண்டும். இதை மாற்றிப் பொருத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டரில் இருக்கும் ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

மேல்மலை வேன்:
என் வேனில் ரெசினுக்குப் பிறகுதான் ஹீட்டர். அது தெரியாமலா தொழில் செய்கிறேன்? 50 டிகிரியைப் பற்றிப் பேசும்போது கொதிநிலை எதற்கு ஐயா?

பாய்லர் வாத்தியார்:
தெரிந்துகொள்வதில் என்ன நஷ்டம்? மேலே பருப்பு வேகத் தாமதமாவதற்கும் அதுதான் காரணம்.

நாகலூர் விடுதி:
ஏற்காட்டில் சிறிய விடுதி நடத்துகிறேன். போன ஜனவரியில் வெந்நீர் வேனோடு ஒரு குழுவினர் வந்தார்கள். காலை ஏழு மணிக்குக் கழுவத் தொடங்கினார்கள், கிழக்குப் பக்க ஜன்னலில் ஒரு கண்ணாடி மூலையிலிருந்து குறுக்கே விரிந்துவிட்டது. “பழைய கண்ணாடி அம்மா” என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். புதுக் கண்ணாடியைச் சேலத்திலிருந்து வரவழைத்தேன். அந்தச் செலவு யாருடையது?

மேல்மலை வேன்:
அது நானில்லை அம்மா. சாதாரணக் கண்ணாடியே ஏறக்குறைய 40 டிகிரி வேறுபாட்டைத் தாங்கும், டெம்பர்டு கண்ணாடி 200 டிகிரியையும் தாங்கும். கண்ணாடி 12, தண்ணீர் 44 என்றால் வேறுபாடு 32தான். மூலையில் முன்பே சில்லு போயிருக்க வேண்டும்.

நாகலூர் விடுதி:
சில்லு எதுவும் இருக்கவில்லை. வாரந்தோறும் என் கையால் துடைக்கிற கண்ணாடி அது.

அடிவாரம்:
மறுபடியும் 44! அளக்காத எண்ணை வைத்து அந்த அம்மாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பிரஷ் நுனியில் எத்தனை டிகிரி?

சூரமங்கலத்தான்:
குறைவாக இருந்தால் ‘ஆறிவிட்டது’ என்கிறீர்கள், கூடுதலாக இருந்தால் ‘கண்ணாடி உடையும்’ என்கிறீர்கள். ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள் அண்ணா.

கொண்டலாம்பட்டி:
சேலம் என்றாலே போர்த் தண்ணீர் என்று எழுதுகிறார்களே! எங்கள் வீட்டில் மேட்டூர்க் காவிரித் தண்ணீர்தான் வருகிறது. எங்கள் கண்ணாடியில் உப்புக்கறை கிடையாது.

அடிவாரம்:
மாநகராட்சிக் குழாயில் வரும் மேட்டூர் நீரை நீங்கள் குடத்திலும் தொட்டியிலும் பிடித்து வைப்பீர்கள். ஜன்னல்மேல் தெறிக்கிற தோட்டத்துக் குழாய்த் தண்ணீர் எது என்று போய்ப் பாருங்கள். மேக்னசைட் ரயில் நிலையத்துப் பக்கம் வந்தால் வெள்ளைக்கல் தூசி படிந்த ஜன்னல்களைக் காட்டுகிறேன். அந்தத் தூசி வெந்நீரிலும் கரையாது.

கொண்டலாம்பட்டி:
என் வீட்டு ஜன்னலைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டார்.

மேல்மலை வேன்:
இவர் இப்படித்தான். 500 லிட்டர் டேங்க் என்றால் 500 கிலோ. அதைச் சுமந்துகொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறுகிறேன். டேங்குக்குள் தடுப்புத் தகடு இல்லையென்றால் ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் ஒரு பக்கம் அடித்து வேனை இழுக்கும். மலையடியில் இருக்கும் கோரிமேட்டைத் தாண்டாதவர் எனக்குத் தொழில் சொல்லித் தருகிறார். போன கோடை விழாவுக்கு முன்னால் என்னிடம் வாங்கிப்போன 40 அடி கார்பன் போலை எப்படித் திருப்பிக் கொடுத்தார் என்று கேளுங்கள். மூன்றாவது கிளாம்ப்பில் விரிசல்.

அடிவாரம்:
வாங்கும்போதே இருந்த விரிசல் அது. அன்றைக்கே சொன்னேன். கடன் வாங்கியதைச் சபையில் சொல்லிக் காட்டினால் என் கேள்வி மறைந்துவிடாது. கோரிமேட்டைத் தாண்டாதவன் என்றா எழுதினீர்கள்? நீங்கள் மலையேறுவதற்கு முன்பே ஏரிக்கரை விடுதிகளில் மூங்கில் ஏணி போட்டுக் கழுவியவன் நான். அப்போது ஹீட்டரும் இல்லை, போலும் இல்லை. கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

பாய்லர் வாத்தியார்:
டேங்க் முழுவதையும் மின்சார ஹீட்டரால் சூடாக்க நினைப்பவர்களுக்காக: 500 லிட்டரை 30 டிகிரி ஏற்ற 3 கிலோவாட் ஹீட்டருக்கு ஆறு மணி நேரம் ஆகும். முந்திய இரவே போட வேண்டும். ஓடும் நீரைச் சூடாக்கும் டீசல் ஹீட்டரைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

சூரமங்கலத்தான்:
ஐயா ஒருவர்தான் உபயோகமாக எழுதுகிறார். அவருக்கும் யாரும் பதில் சொல்வதில்லை.

நாகலூர் விடுதி:
என் கண்ணாடிக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

மேல்மலை வேன்:
நான் எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். என் வாடிக்கையாளர்கள் மறுபடியும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அடிவாரம்:
ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் தெர்மாமீட்டரோடு நிற்கிறேன். உங்கள் வேனிலேயே மேலே வருகிறேன். 60 மீட்டர் ஹோஸை விரித்து, போலை 40 அடிக்கு நீட்டி, எல்லோருக்கும் முன்னால் அளந்து காட்டுங்கள்.

மேல்மலை வேன்:
ஞாயிறு எனக்கு வேலை இருக்கிறது. கிளாம்ப்புக்கான பணத்தோடு திங்கட்கிழமை வாருங்கள்.

அடிவாரம்:
கிளாம்ப்புக்குப் பணம் தர மாட்டேன். பிரஷ் நுனியில் எத்தனை டிகிரி?