சாதுவான சிக்லிட் தேடுபவர்களுக்கு: மல்டி வளர்க்கும் என் அனுபவம்

ஆப்பிரிக்க சிக்லிட் என்றாலே முரட்டு மீன், ஒன்றையொன்று கடித்தே தீர்த்துவிடும் என்ற பேச்சு இருக்கிறது. மலாவி ஏரியின் ஔராட்டஸை வைத்திருந்தவர்கள் அப்படிச் சொன்னால் மறுக்க மாட்டேன். என் தொட்டியில் இருப்பவை தங்கனிக்கா ஏரியின் மல்டிஃபாசியாட்டஸ், சுருக்கமாக மல்டி. ஆண் மீனே சுமார் நாலரை சென்டிமீட்டர்தான் இருக்கும். ஏரியின் அடியில் குவிந்து கிடக்கும் காலி நத்தை ஓடுகள்தான் இவற்றுக்கு வீடு.

மல்டிகளும் சண்டை போடும், ஆனால் பெரும்பாலும் எல்லைக்காகத்தான். ஒன்று பக்கத்து ஓட்டை நெருங்கினால் அங்கே குடியிருக்கும் மீன் செவுளை விரித்துக்கொண்டு ஒரு விரட்டு விரட்டும். வந்தது திரும்பிப் போய்விட்டால் அதோடு சரி. துடுப்பு கிழிந்து நான் பார்த்ததில்லை. ஓடுகள் தாராளமாகக் கிடப்பதுதான் காரணம் என்பது என் எண்ணம். ஒரு மீனுக்கு இரண்டு மூன்று ஓடாவது போடுங்கள்.

மணல் நைசாக, ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்காவது இருக்க வேண்டும். மல்டி வாய் நிறைய மணலை அள்ளிக்கொண்டு போய்க் கொஞ்சம் தள்ளித் துப்பிவிட்டு மறுபடி வரும். ஓட்டின் வாய் மட்டும் வெளியே தெரியும்வரை இந்த வேலை ஓயாது. நாம் சமமாகப் பரப்பிய மணல் சீக்கிரமே மேடும் பள்ளமுமாகிவிடும். அப்படியே விட்டுவிடுங்கள், அந்த மேடுகள்தான் அவற்றுக்கு வேலி. சுத்தம் செய்யக் கையை விட்டால் விரலையே வந்து கொத்தும், அவ்வளவு தைரியம்!

குஞ்சு பொரித்தது முதலில் தெரியாது. ஒரு நாள் ஓட்டின் வாயோரம் நூல் துணுக்குபோல ஏதோ அசையும். கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு கண்கள், நிழல் பட்டதும் உள்ளே போய்விடும். மூத்த குஞ்சுகளைத் துரத்தாமல் கூட்டுக்குடும்பம்போலப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதுதான் எனக்கு இவற்றில் ரொம்பப் பிடித்த குணம்.

தண்ணீர் கடினமாக, பி.எச். 8-க்கு மேல், 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்கட்டும். பி.எச். கூடக் கூட, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நஞ்சும் கூடும். அதனால் ஃபில்டர் பக்குவமாகும் முன், அதாவது அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில் பெருகும் முன், மீனை விடாதீர்கள்.

அப்புறம், எலெக்ட்ரிக் யெல்லோ என்ற மலாவி ஏரி சிக்லிட்டும் சாதுதான், பத்து சென்டிமீட்டர்வரை வளரும், பீக்காக் சிக்லிட்டோடு நன்றாக ஒத்துப்போகும். ஆனால் மல்டி தொட்டியில் வேண்டாம், குஞ்சுகளைத் தின்றுவிடும்.

மேல்மட்டத்தில் நீந்தும் சைப்ரிக்ரோமிஸ் மீனை மல்டியோடு சேர்த்து வளர்ப்பவர்கள் இருந்தால், எவ்வளவு நீளத் தொட்டியில் சரிப்பட்டு வந்தது என்று சொல்லுங்கள்.