திங்கட்கிழமை வேலை, கையில நம்பர் இல்ல. எங்க தேடுற?

கல்லடிப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். வந்து பதினொரு நாள். திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லி இரிக்காங்க, நம்பரையும் கேக்காங்க. அரசாங்க வெப்சைட்ல ராவு ரெண்டு மணி வரைக்கும் தேடினன். ஒரு பக்கத்தத் திறந்தா இன்னொண்டுக்குப் போகச் சொல்லுது, கிறுகிக் கிறுகி வந்த இடத்துக்கே வாறன். குடிவரவு, வரி, தொழில் எண்டு எல்லாத் திணைக்களத்துப் பக்கமும் பாத்தாச்சு. அழுகையா வருது. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

களுவாஞ்சிக்குடி, டொரண்டோ:
தங்கச்சி, பாஸ்போட்டையும் பெர்மிட்டையும் எடுத்துக்கொண்டு நேர சேர்விஸ் கனடா அலுவலகத்துக்குப் போங்க. வேலைக்கு வேண்டிய, 9ல தொடங்குற சின் நம்பர் ஒண்டு தருவாங்க. நான் வந்தது ஜனவரி. ஊர்ல போட்ட சப்பாத்தோட பஸ்ஸுக்கு நாப்பது நிமிசம் நிண்டன், விரல் விறைச்சுப் போச்சு. முதல்ல நல்ல சப்பாத்து வாங்குங்க.

அக்கரைப்பற்று:
எந்த நாடு எண்டு புள்ள இன்னும் சொல்லல்லயே.

கல்லடிப் பிள்ளை:
மன்னிச்சுக்கோங்க, லண்டன். சம்பளத்துல வரி பிடிக்கிறதுக்கான நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர்தான் கேக்காங்க.

சம்மாந்துறை, லெஸ்டர்:
அது வராம வேலைக்குப் போகாதீங்க தங்கச்சி. நான் ரெண்டு மாசம் அறைக்குள்ளயே இருந்தன், பாணும் சம்பலும்தான்.

அக்கரைப்பற்று:
ஊர்ல எண்டா அரசாங்கத் தகவல் நம்பர் 1919க்கு அடிச்சாத் தமிழ்லயே சொல்லுவாங்க. இல்லாட்டிக் கச்சேரிக்கு, அதான் மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்குப் போய், அந்த வேலையப் பொறுப்பாப் பாக்கிறவர் ஆரு எண்டு கேட்டு அவர்ர மேசைக்கு முன்னால நிக்கலாம். வெளிநாட்டுல ஒரு மனிசர்ர முகம் பாத்துக் கதைக்க ஏலாம இரிக்கி.

சம்மாந்துறை, லெஸ்டர்:
உண்மை. போன் எடுத்தா ஒரு மணித்தியாலம் பாட்டுத்தான் கேக்கும்.

ஆரையம்பதி, லண்டன்:
புள்ள திங்கக்கிழமை வேலைக்குப் போகணும், அதப் பாப்பம்.

சம்மாந்துறைக் காக்கா, நம்பர் இல்லாமலும் வேலை தொடங்கலாம். வேலை செய்ய உரிமை இரிக்கி எண்டு காட்டினாச் சரி. நம்பருக்கு விண்ணப்பிக்கிற பக்கத்திலயே அது எழுதி இரிக்கி.

தங்கச்சி, நீங்க கிறுகினதுக்குக் காரணம், கச்சேரியில தேடுற மாதிரித் திணைக்களத்தின் பேரால தேடினது. இங்க அரசாங்க வெப்சைட்டான கவ் டொட் யூகே 2012ல வந்தது. திணைக்களங்கள்ர தனித்தனிச் சைட்டுகள மெல்ல மெல்ல அதுக்குள்ள கொண்டு வந்தாங்க. நீங்க என்ன செய்யப் போறீங்க எண்டதுதான் அங்க தலைப்பு. ‘அப்ளை’, ‘ப்ரூவ்’, ‘ரெஜிஸ்டர்’ எண்டு செய்யிற வேலையப் போட்டுத் தேடுங்க. பச்சை ‘ஸ்டார்ட் நவ்’ பட்டனக் கண்டதும் அமத்தாதீங்க. அதுக்கு மேல உள்ள நாலஞ்சு வரியிலதான் ஆருக்கு வேணும், ஆருக்குத் தேவையில்ல எண்டது இரிக்கி. நானும் அத வாசிக்காம விட்டுத்தான் ஒரு கிழமைய வீணாக்கினன்.

இண்டைக்கே ஈ-விசாவுக்குள்ள, அதான் உங்கட ஒன்லைன் விசாப் பக்கத்துக்குள்ள போங்க. சில பேருக்கு நம்பர் அதுலயே இரிக்கும். இல்லாட்டி வேலை செய்யிற உரிமையக் காட்டுற ஷெயார் கோட் எடுங்க, டபிள்யூல தொடங்கும், 90 நாள் செல்லும். அந்தக் கோட், பிறந்த திகதி ரெண்டையும் வேலைத்தலத்துக்குக் குடுங்க. மறுகா நம்பருக்குப் போடுங்க, அதுக்குக் காசில்ல. காசு கேட்டா அது விளம்பரக்காரன்ட சைட், முகவரி கவ் டொட் யூகேல முடியுதா எண்டு பாருங்க.

கல்லடிப் பிள்ளை:
அக்கா, கோட் எடுத்திட்டன்! டபிள்யூதான். ஈ-விசாவுல நம்பர் இல்ல, இப்ப விண்ணப்பம் போடுறன். மகனுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல், டொக்டரிட்டப் பதிய வீட்டு வாடகைக் கடுதாசி வேணுமா?

களுவாஞ்சிக்குடி, டொரண்டோ:
கட்டாயம் வேணும்.

ஆரையம்பதி, லண்டன்:
அது கனடாக் கதை அண்ணன். இங்கிலாந்தில ஜி.பியிட்ட, அதான் குடும்ப டொக்டரிட்டப் பதிய முகவரிச் சான்று தேவையில்ல. ‘ரெஜிஸ்டர்’ எண்டு அரசாங்க வைத்தியச் சேவையான என்.எச்.எஸ் சைட்ல தேடுங்க. காய்ச்சல் கூடினா அதுவரைக்கும் காத்திருக்காதீங்க, என்.எச்.எஸ் நம்பர் 111க்கு அடிச்சு ‘தமிழ்’ எண்டு சொல்லுங்க, மொழிபெயர்ப்பாளரப் பிடிச்சுத் தருவாங்க.